நின்ற வண்டியும் இரண்டு பாட்டரிகளும்

எங்கள் கல்லூரி ஆண்டு மலரில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் அனுபவக் கட்டுரை தவறாமல் இடம்பெறும். இவ்வாண்டு எழுத இசைந்திருந்த சர்வேயர் கண் சிகிச்சைக்குப் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்பும்படி என்னைக் கேட்ட மலர்க்குழுத் தோழி, "நீயும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்தானே?" என்று நியாயம் சொன்னாள். அது உண்மைதான். யுத்தம் முடிந்த சமயத்தில் நான் ஓய்வு பெற்றேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு.

நான் வேலை பார்த்தவள் என்பதே அண்மைக்காலம்வரை விடுதியில் யாருக்கும் தெரியாது. அது தெரியவந்ததற்கு முதல்வர் அம்மையாரின் மோட்டார்தான் காரணம். கோடை விடுமுறை முழுவதும் கொட்டகையில் நின்ற அந்த மோட்டார், கல்லூரி திறந்த அன்று ஒரு முனகலோடு அடங்கிவிட்டது. பாட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய் மின்சாரம் ஏற்றி வந்து பூட்டினார்கள். மறுநாள், அந்தக் கறுப்புப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் யாரோ குங்குமப் பொட்டு வைத்திருப்பதை டிரைவர் கண்டு முதல்வரிடம் சொன்னார். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், வைத்தவர் யார் என்று அம்மையார் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"பூஜையா?" என்றார்.

"இல்லை, அம்மா. கசிகிறதா என்று பார்ப்பதற்கு."

கூடம் சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. எழுத்தில் விளக்கம் தருமாறு பணித்தார். அவருக்கு ஒன்றும் மலருக்கு ஒன்றுமாக எழுதுவதைவிட, இருவருக்கும் பொதுவாக இந்த ஒரே கட்டுரையை எழுதுவது சிக்கனம் என்று தோன்றுகிறது.

பட்டணத்தில் குண்டு விழும் என்ற அச்சத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நான் இன்டர்மீடியட் வகுப்பில் இருந்தேன். புத்தகப் பெட்டியோடு தருமபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டைக்கு, என் தாய்மாமன் வீட்டுக்குத் திரும்பினேன். மாமாவுக்கு அங்கே ஒரு மில் இருந்தது. நெல் குத்துவது, கேழ்வரகு அரைப்பது இரண்டையும் ஓர் எண்ணெய் எஞ்சின் பார்த்துக்கொண்டது. மில்லை ஒட்டி ஒரு புளி மண்டி. அந்த மண்டியின் ஒரு பாதியில் புளி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மறு பாதியில் வண்டி நின்றது.

அதை வண்டி என்பதா, வீடு என்பதா என்ற ஐயம் ஊராருக்குக் கடைசிவரை தீரவில்லை. லாரிச் சட்டத்தின்மேல் மரத்தால் கட்டிய நீண்ட அறை அது. உள்ளே இரண்டு கட்டில்கள், தண்ணீர்த் தொட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, மருந்து அலமாரி, சன்னல்களுக்குத் திரை, கூரையில் மூன்று விளக்குகள். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் அதிலேயே குடியிருந்துகொண்டு வத்தல்மலை அடிவாரத்திலும் சித்தேரிப் பக்கத்திலும் ஊர் ஊராகப் போய் வந்தார். வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வருபவர்களுக்கு, ஆசுபத்திரி பாதி வழியில் எதிரே வந்து நிற்கும். மலைக்காரர்கள் அதற்கு 'ஓடற வூடு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெட்ரோலுக்கு அளவு வந்ததும் ஓடற வீடு நின்ற வீடாயிற்று. டாக்டரம்மாவுக்குக் கிடைத்த கூப்பன் அத்தனை பெரிய வண்டியை மண்டியின் வாசல்வரைகூடக் கொண்டுபோகாது என்பது டிரைவரின் கணிப்பு. டயர்கள் கெடாமலிருக்க வண்டியை மரக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். டாக்டரம்மா தருமபுரி மருந்தகத்துக்கும் ஒரு ஜட்காவுக்கும் திரும்பினார். ஜட்கா மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், பிறக்க வேண்டிய குழந்தை பிறந்திருக்கும். அல்லது அதைவிட மோசமானது நடந்திருக்கும்.

வண்டியை நடத்திய சங்கம் சேலத்தில் இருந்தது. அதன் காரியதரிசி நல்லவர். ஆனால் நிற்கும் பொருள் எதையும் பார்க்கப் பொறுக்காதவர். அந்தச் சட்டத்தையும் எஞ்சினையும் பஸ் முதலாளி ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சங்கத்தோடு மன்றாடி ஒரு வாக்குறுதி பெற்றிருந்தார். பெட்ரோல் கிடைக்கும் நாளில், கைப்பிடி போட்டுச் சுற்றாமல் வண்டி தானாகக் கிளம்பி, மூன்று விளக்குகளும் ஒழுங்காக எரிந்தால் வண்டி அவரிடமே இருக்கும். இல்லையென்றால் பஸ் முதலாளிக்குப் போகும்.

எஞ்சினைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கவலையெல்லாம் பாட்டரிகளைப் பற்றித்தான். எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று என வண்டியில் இரண்டு பாட்டரிகள் இருந்தன. புதுப் பாட்டரிகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இருப்பவை செத்தால் வேறு கிடையாது.

டாக்டரம்மா மில்லுக்கு வந்து மாமாவிடம் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் ஓசூர்ப் பக்கத்தவர். வீட்டில் கன்னடம் பேசுபவர்.

"உங்க எஞ்சின் ஓடறப்ப என் பாட்டரிக்கும் கொஞ்சம் கரண்டு ஏத்திக்கணும். அப்புறம், உங்க வூட்ல இங்கிலீஷ் படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்குதாமே. பாட்டரிகூட வந்த புஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்குது."

"இருக்குதுங்க. ஆனா அது கதை, பாட்டுன்னு படிக்கிற பொண்ணுங்க."

"இதுவும் கதைதான். முடிவு மட்டும் கெட்டுப்போவக் கூடாது."

என் பயிற்சிக் காலத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: அந்தச் சிறு புத்தகத்தை இருமுறை படித்தேன், ஒரு நல்ல புடவையை அமிலத்துக்குப் பறிகொடுத்தேன்.

வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிற்கிற வண்டியில் பாட்டரி தூங்கிக்கொண்டிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தூங்குவதில்லை. யாரும் தொடாவிட்டாலும் நாளுக்கு நாள் வலு இழந்துகொண்டே இருக்கும். இழந்த நிலையிலேயே விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின்மேல் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் ஏறாது. ஆகவே வண்டியை நிறுத்தியதும் பாட்டரியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மாதம் தவறாமல் மின்சாரம் ஏற்ற வேண்டும். தகடுகள் முழுகும் அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீர். எங்கள் ஊர்க் கிணற்று நீர் குடத்திலேயே உப்புப் படிய வைப்பது, பாட்டரிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை தோறும் காலையில் நான் தருமபுரிக்குப் போய் மருந்தகத்திலிருந்து அந்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் வாங்கி வருவேன்.

மில்லின் பெல்ட்டு ஓடும்போது, அதனோடு சேர்ந்து பழைய பஸ் ஒன்றின் டைனமோவும் சுழலும்படி மாமா செய்துகொடுத்தார். நெல்லோ கேழ்வரகோ அரைபட்டால் பாட்டரிக்கு ஆகாரம். மில் நின்றால் பட்டினி. மின்சாரம் ஏறும்போது பாட்டரி குமிழி விடும். அந்த வாயு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பீடியும் விளக்கும் கிட்டே வரக் கூடாது. ஏறிய அளவைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் என்ற கருவி உண்டு. தலையில் ரப்பர்ப் பந்து பொருத்திய கண்ணாடிக் குழாய் அது. பந்தை அழுத்தி விட்டால் அமிலம் குழாயில் ஏறும். உள்ளே ஒரு சிறிய மிதவை எழுந்து நிற்கும். மிதவையின் கழுத்தில் எண்கள். பன்னிரண்டு எழுபது என்றால் முழு வலு. எண் இறங்க இறங்க வலுவும் இறங்குகிறது என்று அறிய வேண்டும்.

இந்த எண்ணைத் தவிர வேறெதையும் டாக்டரம்மா காதில் வாங்கமாட்டார். முதல் மாதம் அவர் வந்து, "எப்படி இருக்குது?" என்று கேட்டபோது, "நல்லா இருக்குதுங்கம்மா" என்றேன்.

"நல்லான்னா?"

"திருப்தியா இருக்குதுங்க."

"யாருக்குத் திருப்தி? உனக்கா, பாட்டரிக்கா?"

"பன்னெண்டு அறுபது."

"ஆய்த்து" என்றார். 'ஆயிற்று' என்பதற்குக் கன்னடத்தில் அப்படி. அவர் வாயில் அதுதான் பாராட்டு. அதற்கு மேற்பட்ட பாராட்டை அவரிடம் பெற்றவர் யாரும் இல்லை.

இலக்கியம் பயின்றவளுக்கு அடைமொழியைக் கைவிடுவது எளிதன்று. ஆனால் அவர் எல்லோரிடமும் அப்படித்தான் இருந்தார். "பொஞ்சாதிக்கு ரொம்ப வலிக்குதுங்க" என்று ஓடிவருபவரிடம், "எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா?" என்று கேட்பார். வேதனைப்படுபவர்மேல் இரக்கமில்லாமல் அல்ல. ரொம்ப என்பதை வைத்துக்கொண்டு தம்மால் எதுவும் செய்ய முடியாது என்பார்.

ஒவ்வொரு முறையும் ஜட்காவில் ஏறுமுன் அவர் வண்டிக்குள் போய்க் கட்டிலில் சற்று உட்காருவார். எழுந்து, முந்தானையால் மூன்று விளக்குகளின் கண்ணாடியையும் துடைப்பார். ஒருநாள், கேளாமலே சொன்னார்: "போன மாசம் அடிவாரத்துல ஒரு பிரசவம். புருசன்தான் லாந்தர் புடிச்சான். ரத்தத்தைப் பாத்ததும் லாந்தரோட சாய்ஞ்சுட்டான். இருட்டுல கையாலயே தடவி முடிச்சேன். பொழைச்சாங்க, ரெண்டு பேரும். எல்லாத் தடவையும் அப்படி ஆவாது. பாட்டரி வெளக்குக்கு மயக்கம் வராது, சரோஜா."

இனி டிரைவர் முனுசாமி அண்ணன். வண்டி நின்றபின் அவர் மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் யார் கேட்டாலும் தம்மை டிரைவர் என்றே சொல்வார். என்றோ ஒருநாள் எஞ்சினின் கைப்பிடி திருப்பி அடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்து, சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கைப்பிடியை அவர் பாம்பைப் போலப் பார்த்தார். பாட்டரி வைத்துப் பொத்தானை அமுக்கினால் கிளம்பும் முறையைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்பார்.

என்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. "பாப்பா, பாட்டரிக்குப் பாட்டு கீட்டுச் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்று கேட்பார். நானும் அவரை விட்டதில்லை. ஒருநாள் பாட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை, குத்துவிளக்குத் தேய்ப்பது போல, மண்டியிலிருந்து ஒரு பிடி புளி எடுத்து அவர் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்.

"அண்ணே, அங்க கசியறதே புளிப்புத்தான். புளிப்பைப் புளிப்பால தொடைச்சா எப்படிங்க? ஆப்ப சோடா போட்டுத்தான் கழுவணும்."

"சோடாவா? எங்கூட்ல பலகாரத்துக்கே இல்லைங்க பாப்பா. புளி இங்க மூட்டை மூட்டையா கெடக்குது."

சோடாவை மருந்தகத்திலிருந்து வரவழைத்தேன். முனைகளைச் சோடா நீரால் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவி வைத்தேன்.

வேலையில் சேர்ந்து சில மாதங்களில் ஒரு புதிர் தோன்றியது. விளக்குப் பாட்டரியின் எண் புத்தகம் சொன்னபடியே மெல்ல இறங்கியது. எஞ்சின் பாட்டரியோ வாரத்துக்கு வாரம் படியிறங்குவது போல இறங்கியது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயது, இரண்டின் கம்பியையும் நானே கழற்றியிருந்தேன். டாக்டரம்மா எண்ணைக் கேட்டுவிட்டு, முதன்முறையாக 'ஆய்த்து' சொல்லாமல் போனார்.

பிறகு இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். எஞ்சின் பாட்டரியின் முனையில் நான் தடவிய வாஸ்லின் வழித்துவிட்டாற்போலக் காணாமல் போயிருந்தது. முன்சக்கரங்களின் கீழே இரண்டு எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கியதால் அவை நசுங்காமல் முழுதாக இருந்தன, புதிதாகவும் இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தருமபுரிக்குப் போகவில்லை. புளி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். முனுசாமி அண்ணன் குளித்து, திருநீறு பூசி வந்தார். பாட்டரிக் கம்பியைப் பூட்டினார். முன்விளக்கு இரண்டையும் போட்டார். பொத்தானை அமுக்கி எஞ்சினைக் கிளப்பினார். மின்சார ஹாரனை மும்முறை அடித்தார். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு எஞ்சினை நிறுத்தினார். கம்பியை மறக்காமல் கழற்றியும் வைத்தார்.

"இது எத்தனை நாளா நடக்குதுங்க அண்ணே?"

அவர் திடுக்கிடவில்லை. "வண்டி வந்த நாளா நடக்குது. வெள்ளிக்கெழமை சத்தம் குடுக்காத வண்டி செத்த வண்டிங்க பாப்பா."

"எவ்வளவு நேரம் ஓட வுடுவீங்க?"

"கற்பூரம் அணையற வரைக்கும். அதுக்கு மேல ஓட வுட பெட்ரோலு என்ன, ஒகேனக்கல் தண்ணியா?"

"அங்கதான் தப்பு. பாட்டரியில இருந்து பெரும்பங்கு போறது கெளப்பறப்பத்தான். போனதை எஞ்சின் ஓடி ஓடித்தான் திருப்பிக் குடுக்கணும். நீங்க ஏரைப் பூட்டி காட்டுக்கு ஓட்டிட்டுப் போயி, ஒரு சாலு ஓட்டாம அவுத்துட்டு வர்றீங்க. மாடு நடந்து எளைச்சதுதான் மிச்சம்."

அவர், "அதுக்காவ சாமி கும்புடாம இருக்க முடியுங்களா?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. அந்த வண்டி பஸ் முதலாளிக்குப் போனால் அதோடு தம் பெயருக்கு முன்னால் இருக்கும் 'டிரைவர்' என்ற சொல்லும் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும்.

வழக்கு டாக்டரம்மாவிடம் போயிற்று. அவர் என்னிடம், "ஒரு பூசைக்கு எவ்வளவு எறங்குது?" என்று எண்ணைக் கேட்டார். பிறகு அவரிடம் திரும்பினார்.

"முனுசாமி, சாமி பாட்டரி வேணும்னு கேட்டுச்சா?"

"கேக்கலைங்கம்மா. ஆனா ஹாரன் கேட்டுப் பழகிப்போச்சுங்க."

"ரப்பர்ப் பந்து வெச்ச பழைய ஹாரன் ஒண்ணு வண்டியில இருக்குதே. அதைக் கையால அமுக்கு. கரண்டு வேண்டாம்."

முனுசாமி அண்ணன் யோசித்துத் தம் பங்குக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: எஞ்சினுக்குச் செய்யும் மரியாதை இனிப் பாட்டரிகளுக்குப் போகட்டும். பெட்டியின் நான்கு மூலைக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் வேண்டுமானால் மண்டி வாசலோடு. நான் ஒப்புக்கொண்டேன். அன்றுமுதல் வெள்ளிக்கிழமைகளில் மண்டிக்குள்ளிருந்து ரப்பர் ஹாரன் வாத்துப் போல மும்முறை கத்தும். எண் ஒழுங்காக நின்றது. 'ஆய்த்து' திரும்பி வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குமேல் என் உத்தியோகம் இவ்வாறு அமைதியாகக் கழிந்தது.

யுத்தம் முடிவுக்கு வரும் செய்திகள் வந்துகொண்டிருந்தபோது, டாக்டரம்மாவுக்குப் பெட்ரோல் அனுமதி கிடைத்தது. அந்த வாரமே வண்டியைப் பார்க்க வருவதாகக் காரியதரிசி சொல்லியனுப்பினார். அதற்கு முன்வந்த வெள்ளிக்கிழமை, முனுசாமி அண்ணன் முகம் கறுத்து என்னிடம் வந்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டானுங்க பாப்பா. குங்குமத்துல மஞ்சளைக் கலந்திருக்கறான். காலையில வெச்ச பொட்டு, மத்தியானம் பாத்தா மஞ்சளா நிக்குது."

போய்ப் பார்த்தேன். எஞ்சின் பாட்டரியில் நான்கு பொட்டும் சிவப்பு. விளக்குப் பாட்டரியில் மூன்று சிவப்பு. ஒரு மூலைப் பொட்டு மட்டும் மஞ்சள்.

"கடைக்காரன் ஒரே மூலைக்கு மட்டுமா கலந்தான்?"

"அப்ப சகுனங்களா?" என்றார், இன்னும் தணிந்த குரலில்.

ஒரு வெற்றிலையில் அதே குங்குமத்தை வைத்து, அமிலத்தில் ஒரு துளி விட்டேன். மஞ்சளாயிற்று. சோடா நீர் விட்டேன், சிவந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துத்தானே குங்குமம் செய்கிறார்கள்? சுண்ணாம்பு கொடுத்த சிவப்பை அமிலம் பிடுங்கிக்கொள்கிறது. அந்த மூலையில், மரப் பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் ஜாடி விரிசல் விட்டு, அமிலம் மரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பாட்டரிக்குள் மூன்று ஜாடிகள் உண்டு. அவற்றில் அந்த ஒன்று மட்டும் சில வாரங்களாக அதிகம் தண்ணீர் கேட்டதன் பொருளும் அப்போது விளங்கிற்று. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தகடுகள் காய்ந்து, காரியதரிசி வரும்போது விளக்குகள் எரிந்திருக்கமாட்டா.

மில்லின் மூலையில் செத்துப்போன பஸ் பாட்டரிகள் சில கிடந்தன. அவற்றிலிருந்து நல்ல ஜாடி ஒன்றை முனுசாமி அண்ணன் கழற்றிச் சுத்தம் செய்தார். சிக்கலானது அடுத்த வேலை. மேலே மூடியிருக்கும் தார் போன்ற கீலை இளக்கி, தகடுக் கட்டை ஒன்றோடொன்று உரசாமல் நேராக மேலே உருவி, காற்றில் காயவிடாமல் உடனே புது ஜாடியில் இறக்க வேண்டும். அவருடைய மணிக்கட்டு அதற்கு உதவாது. என் கை எட்டும், பிடி போதாது. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினோம்.

அவர் பையோடு வந்தார். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "கழுத்து எங்க?" என்றார். ஈயக் கம்பத்தைக் காட்டினேன். பையிலிருந்து, குழந்தையை இழுத்தெடுக்கும் பழைய இடுக்கி ஒன்றை எடுத்தார்.

"ஆயுதம் போட்டுத்தானுங்களா?" என்று கவலையோடு கேட்டார் முனுசாமி அண்ணன்.

"கொஞ்சம் வெந்நீர் ஆவி காட்டு. ம். இப்ப யாரும் இழுக்கப்படாது. தானா எளகி வரணும். சரோஜா, கீழ புடிச்சுக்கோ. வருது. வருது. அவசரப்படாதே."

சொட்டச் சொட்ட அந்தக் கறுத்த கட்டு மேலே வந்தது. அதே மூச்சில் புது ஜாடிக்குள் இறங்கிற்று.

"ஆணுங்களா, பொண்ணுங்களா?" என்றார் முனுசாமி அண்ணன்.

"வாயை மூடிக்கிட்டு அமிலத்தை ஊத்து."

வண்டியின் மண்ணெண்ணெய் அடுப்பிலேயே கீலை உருக்கி மூடினோம். இணைப்பு ஈயத்தையும் உருக்கி ஊற்றினோம். எண் எடுத்தேன். பதினொன்று அறுபது. மறுநாள் காலை முழுவதும் மின்சாரம் ஏறினால்தான் தேறும். மில்லுக்கோ அரைக்கத் தானியம் இல்லை. நெல் கட்டுப்பாட்டில் இருந்தது. எஞ்சின் எண்ணெய்க்கும் கட்டுப்பாடு. வெறும் எஞ்சினை ஓட்ட மாமா துணியவில்லை.

"அரைக்க ஏதாச்சும் வந்தா ஓட்டறனுங்க. சும்மா ஓட்டச் சொல்லாதீங்க" என்றார்.

முனுசாமி அண்ணன் ரப்பர் ஹாரனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அதை அமுக்கிக்கொண்டே அவர் தெருத்தெருவாகச் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "டாக்டரம்மா வண்டிக்கு நாளைக்கு எஞ்சின் ஓடணும். வூட்ல இருக்கற கேவுரைக் கொண்டாங்க. இல்லைன்னா வண்டி பஸ்காரனுக்குப் போவுது."

மறுநாள் விடிந்ததும் மில் வாசலில் கூடைகள் வரிசை கட்டின. அந்த வண்டியின் கட்டிலில் பிள்ளை பெற்றவர்கள் பலர். அவர்களின் மாமியார்கள் சிலர். ஒரு பெண், தன் முந்தானையைப் பிடித்து நின்ற பையனைக் காட்டி, "இவன் அந்த வெளக்கைப் பாத்துக்கிட்டே பொறந்தவனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு மாதத்துக் கேழ்வரகை இறக்கினாள்.

"இத்தனை மாவும் வண்டு புடிச்சுப் போவுமே, ஆத்தா" என்று ஒரு கிழவியிடம் மாமா சொன்னார்.

"போவட்டும். நாங்க வேகமாத் திங்கறோம். நீ எஞ்சினை எடு."

எஞ்சின் ஓடியது. பாட்டரி குமிழி விட்டது. அந்த மாதம் அதியமான்கோட்டையில் களி கிண்டாத அடுப்பு இல்லை.

காரியதரிசி குறித்த நாளில் காலையில் வந்தார். பஸ் முதலாளியும் கூட வந்திருந்தார். வண்டி இப்போதே தம்முடையதாகிவிட்டது போல அதன் நீளத்தைக் காலடியால் அளந்தார். முனுசாமி அண்ணன் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுபடி அமுக்கினார். புளி மூட்டைகள் அதிரும்படி அது கிளம்பிற்று.

"சரி. வெளக்கு?" என்றார் காரியதரிசி.

டாக்டரம்மா அவரை வண்டிக்குள் அழைத்துப்போய், கதவையும் திரைகளையும் மூடி, மூன்று விளக்குகளையும் போட்டார். அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"எரியுது. பாத்துட்டேன்" என்றார் அவர்.

"ஒரு பிரசவத்துக்கு இவ்வளவு நேரம் பத்தாதுங்களே. இருங்க, காப்பி போடறேன்."

அடுப்பைப் பற்ற வைத்து, தண்ணீர் கொதித்து, காப்பி இறங்கி, அதை அவர் குடித்து முடிக்கும்வரை விளக்கு மங்கவில்லை. மருந்துச் சீட்டின் பொடி எழுத்துகளை அவரைப் படிக்கச் சொன்னார் டாக்டரம்மா. படித்தார். அறை புழுங்கிற்று. கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கதவைத் திறங்கம்மா. வண்டி உங்களோடதுதான்" என்றார் காரியதரிசி.

அவர்கள் போனபின் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு?"

விளக்குப் பாட்டரியை எடுத்துப் பார்த்தேன். "பன்னெண்டு நாப்பது."

"ஆய்த்து." சற்று நின்று, "உன் வேலையும் ஆய்த்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஓடற வண்டி தன் பாட்டரிக்குத் தானே கரண்டு ஏத்திக்கும். அதுக்கு டைனமோ இருக்குது, நீ எதுக்கு? படிப்பை எங்க வுட்டியோ அங்க போயி புடிச்சுக்கோ."

சிறப்பாக வேலை பார்த்ததன் விளைவாக வேலையை இழந்தவள் நான். ஓய்வு என்பது பலருக்கு வயதால் வருகிறது. எனக்குப் பன்னிரண்டு நாற்பதால் வந்தது. தருமபுரிக்கு வந்துகொண்டிருந்த ரயிலை யுத்த காலத்தில் நிறுத்திவிட்டிருந்ததால், மொரப்பூர் ஸ்டேஷனுக்கு அந்த வண்டியிலேயே என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். பிரசவக் கட்டிலில் உட்கார்ந்து கல்லூரிக்குப் பயணம் புறப்பட்ட மாணவி வேறொருத்தி இருப்பாள் என்று தோன்றவில்லை. டாக்டரம்மா, வழியில் ஒரு கேஸ் இருப்பதாகச் சொல்லி, ரயில் வருமுன்பே கிளம்ப அவசரப்பட்டார். முனுசாமி அண்ணன் மட்டும் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, கட்டிலடியில் விளக்குப் பாட்டரி இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"பாத்துக்குங்க பாப்பா. நாலும் செவப்பு."

பிறகு வண்டியில் ஏறி, பாட்டரி நிறைந்திருந்த அந்த நாளிலும், ரப்பர் ஹாரனையே மும்முறை அமுக்கிவிட்டுப் போனார்.

முதல்வர் அம்மையார் கேட்ட விளக்கம் இவ்வளவே. அவருடைய மோட்டாரில் நான் வைத்த நான்கு பொட்டுகளில் மூன்று இன்று காலைவரை சிவப்பாக இருக்கின்றன. வலப்புறப் பின்மூலையில் உள்ளது நேற்று மஞ்சளாகிவிட்டது. மலர் அச்சாகி வரும்வரை அம்மையார் காத்திருக்க வேண்டாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.